மண்ணரை மேட்டு வண்டிக்கு ஆயில் பிரேக்

பொங்கியண்ணனின் சலவைப் பட்டறையில் அந்தப் பிக்கப் வண்டி மூன்று வருடமாகக் கிடந்தது. மூக்கு நசுங்கி, முன்கண்ணாடி போய், நான்கு டயரும் காற்றிறங்கி மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பனியன் துணியை வெளுத்துக் காயப்போடும் அந்தப் பட்டறையில் நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்தார்கள். சித்திரை வெயிலுக்கு ஒதுங்க அந்த வண்டியின் நிழலைவிட நல்ல நிழல் அங்கே கிடையாது. ஆனாலும் ஒரு மனுசன் அங்கே உட்கார்ந்து சோற்றுப் போசியைத் திறந்ததில்லை. ஏன் என்று கேட்டால் எறும்பு இருக்கிறது என்பார்கள். பிளீச்சிங் பவுடர் கொட்டிக் கிடக்கிற மண்ணில் எறும்புக்கு என்ன வேலை என்று திருப்பிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அறுபத்து நாலாம் வருசம் ஆனி மாதத்தில், அந்த வண்டியை எழுப்பச் சொல்லி மெக்கானிக் நாச்சிமுத்துவுக்கு ஆள் விட்டார் பொங்கியண்ணன். திருப்பூர்க் காதர்பேட்டை பனியன் கம்பெனிகளிலிருந்து துணி மேல் துணியாக வந்து குவிந்துகொண்டிருந்தது. மாட்டு வண்டி கட்டி மாளவில்லை. புது வண்டிக்கு எழுதிப் போட்டால் கைக்கு வர வருசக் கணக்காகும் காலம் அது.

"இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலை நாச்சிமுத்து. மூக்கை நிமித்திக்கலாம். பிரேக்குதான் மாத்தோணும். கம்பிப் பிரேக்கே வேண்டாம், ஆயில் பிரேக்குப் போட்டுரு. அப்பறம் எவனும் ஏற மாட்டேன்னு சொல்ல முடியாது பாரு" என்றார் அவர்.

"பிரேக்கு நல்லாத்தானுங்களே இருந்துது" என்றான் நாச்சிமுத்து. அவன் நினைத்துச் சொன்னதல்ல. மூன்று வருடமாக நாக்கில் ஊறிப்போன சொல், தானாக வந்து விழுந்தது.

பொங்கியண்ணன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "நல்லா இருந்துதோ இல்லையோ, அதை ஆரு கேட்டா? மாத்துன்னா மாத்தப்பா."

அது முப்பத்தாறாம் வருசத்து மாடல். பெடலை மிதித்தால் வண்டியின் அடியில் ஓடுகிற இரும்புக் கம்பிகள் இழுத்துச் சக்கரங்களைப் பிடிக்கும். அதை ஓட்டியவன் செங்கோட்டையன். நாச்சிமுத்துவும் அவனும் மண்ணரையில் ஒரே தெருவில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதும் ஒன்றாகத்தான், வாத்தியாரிடம் அடி வாங்கியதும் ஒன்றாகத்தான். ஒருவன் ஸ்பானர் பிடித்தான், மற்றவன் ஸ்டீரிங் பிடித்தான். செங்கோட்டையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஊரெல்லாம் மதுவிலக்கு என்று பேச்சு, அவனுக்கு மட்டும் எங்கிருந்தோ சாராயம் கிடைக்கும். கடைசியில் அவன் பெண்டாட்டி ஞானாம்பாள் அவனைச் சிவன்மலைக்கு இழுத்துப் போய், முருகன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கினாள். அதன் பிறகு ஆறு மாதம் அவன் சொட்டுத் தொடவில்லை. தொடவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அப்புறம் அந்த ஐப்பசி வியாழக்கிழமை. மண்ணரை மேட்டுக் காட்டில் காயப்போட்டிருந்த துணியை மழை பிடித்துக்கொண்டது. நனைந்து மூன்று மடங்கு கனத்த துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு நொய்யல் பக்கம் இறங்கினான் செங்கோட்டையன். பாதிச் சரிவில் வண்டி அவன் பேச்சைக் கேட்கவில்லை. எதிரே சந்தைக்குப் போகிற சனம். அவன் வண்டியை ஒடித்துத் திருப்பி, பாழுங்கிணற்றின் கல்சுவரில் கொண்டுபோய் மோதினான். வேறு ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவன் மட்டும் ஸ்டீரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் முடிந்துபோனான்.

வந்த போலீஸ்காரர், ரெண்டு நாள் முன்னால் வண்டிக்குப் பிரேக் பார்த்தது நாச்சிமுத்து என்று தெரிந்து அவனைக் கேட்டார். "நல்லாத்தானுங்க இருந்துது" என்றான். குனிந்து வண்டிக்கு அடியில் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தரைப்பலகை வழியாக ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது, அதனால் முடியவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதுவும் பொய்யில்லைதான். ஆனால் பிரேக் நன்றாக இருந்தால் ஓட்டினவன்தானே சரியில்லை? பொழுது சாய்வதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குடித்துவிட்டு ஓட்டினான், சாமி சத்தியத்தை மீறினான், முருகன் சும்மா விடுவானா என்றார்கள்.

அன்றிலிருந்து நாச்சிமுத்து அந்தப் பட்டறை வழியாகப் போனதில்லை. சுற்றிக்கொண்டு போவான்.

இப்போது வேறு வழியில்லை. வண்டியைக் கல்லடுக்கி உயர்த்தினான். கோயமுத்தூர்ப் பழைய இரும்புக் கடையில் டிஸ்போசல் வண்டி ஒன்றின் பிரேக் சாமான்கள் வாங்கி வந்தான். மிலிட்டரிக்காரன் கழித்துவிட்ட வண்டி, ஆனால் சாமான் கல் மாதிரி இருந்தது. மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் சிலிண்டர், டிரம், எல்லாம் சேர்ந்தன. செம்புக் குழாய் மட்டும் புதிது. அவனிடம் முன்பு வேலை பார்த்தவர்கள் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டதால் எல்லாவற்றையும் தனி ஆளாகவே செய்தான்.

இரண்டாம் நாள், பழைய கம்பிகளைக் கழற்ற வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான்.

பெடலிலிருந்து வருகிற கம்பி, வண்டியின் குறுக்கே ஓடும் ஒரு தண்டோடு சேர்கிற இடத்தில் விரல் தண்டிக்கு ஓர் ஆணி இருக்கும். அந்த ஆணி நழுவாமலிருக்க அதன் ஓட்டையில் ஒரு ஸ்பிளிட் பின்னைச் செருகி, இரண்டு காலையும் மடக்கி விடுவார்கள். அந்த ஆணி போனால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. நாச்சிமுத்து பார்த்தபோது ஆணி இல்லை. கம்பி தனியாகத் தொங்கியது. மோதியதில் பிய்ந்திருந்தால் கம்பியின் நுனியில் ஆணி நுழைகிற காது கிழிந்திருக்க வேண்டும். காது முழுசாக, வட்டமாக இருந்தது. மோதுவதற்கு முன்னாலேயே ஆணி கழன்று எங்கோ ரோட்டில் விழுந்திருக்கிறது.

தண்டின் மேல் கிரீஸ் தூசியோடு சேர்ந்து தார் மாதிரி இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்டும்போது பளபளவென்று என்னவோ கையில் குத்தியது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். பனியன் பின்னுகிற மிஷின் ஊசி. தலையில் சின்னக் கொக்கி, கொக்கியை மூடுகிற குட்டி நாக்கு. பாதி ஊசிதான் இருந்தது. காய்ச்சி வளைத்த இடத்தில் ஒடிந்திருந்தது.

திருப்பூரில் அந்த ஊசி இல்லாத வீடு ஏது? மிஷினில் தேய்ந்து கழித்த ஊசிகளைப் பொட்டணம் பொட்டணமாக எடுத்து வருவார்கள். காலண்டர் மாட்ட அந்த ஊசி. காது குடைய அந்த ஊசி. அரைஞாண் அறுந்தால் அந்த ஊசி. வேறு ஊர் மெக்கானிக் எவனுக்கும் அதைப் பிரேக்கில் செருகலாம் என்று புத்தி போயிருக்காது. நாச்சிமுத்துவுக்குப் போயிற்று. அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் டப்பாவில் ஸ்பிளிட் பின் தீர்ந்திருந்தது, சட்டைப் பையில் ஊசி இருந்தது. அடுப்பில் காட்டி வளைத்துச் செருகினான். ஸ்பிளிட் பின் மெத்தென்ற இரும்பு, வளையும், ஒடியாது. ஊசி எஃகு. காய்ச்சினால் வறட்டுத்தனம் பிடித்துக்கொள்ளும், படக்கென்று ஒடியும். இது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

"இது போதுமா நாச்சி?" என்று கேட்டான் செங்கோட்டையன்.

"தாராளமாப் போதும். சந்தைக்குப் போறப்ப நல்லதா வாங்கிப் போட்டுக்கலாம் போ."

சந்தை வியாழக்கிழமை.

நாச்சிமுத்து வண்டிக்கு அடியிலேயே வெகுநேரம் கிடந்தான். மறந்திருந்தான் என்று அவனுக்காக வாதாட முடியாது. நினைக்காமல் இருந்தான், அவ்வளவுதான். மூன்று வருடம் சுற்றிப் போன பாதையெல்லாம் எதற்கு என்று அவனுடைய கால்களுக்குத் தெரிந்திருந்தது.

ஊசியைத் தீப்பெட்டிக்குள் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். ஆனால் அன்றிலிருந்து அவன் காதில் ஒரு சத்தம் உட்கார்ந்துகொண்டது. டக் என்று பெடல் தரைப்பலகையைத் தட்டுகிற சத்தம். அவன் அடியில் படுத்திருக்கும்போது மேலே கேட்கும். எழுந்து எட்டிப் பார்த்தால் பெடல் தன் இடத்தில் நிற்கும். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று இழுத்துப் பார்த்தான், விறைப்பாகத்தான் இருந்தது. வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் அங்கேயும் டக். பெண்டாட்டி கமலாம்பாள் என்னவென்று கேட்டாள், பல்வலி என்று சொன்னான்.

ஒருநாள் மத்தியானம் மேட்டுக்குப் போய், மேலிருந்து கிணற்றுச் சுவர் வரை அந்தச் சரிவில் நடந்து பார்த்தான். வண்டி வேகத்தை மனசில் வைத்துக் கணக்குப் போட்டான். ஆணி கழன்ற இடத்திலிருந்து சுவருக்கு வர, ஒரு மனுசன் பெடலை ஏழெட்டுத் தடவையாவது மிதித்திருக்க முடியும். ஒவ்வொரு மிதிக்கும் கால் வெறும் பலகையைத் தட்டியிருக்கும். செங்கோட்டையன் முட்டாள் இல்லை. ரெண்டாவது மிதியிலேயே ஊசி ஞாபகத்துக்கு வந்திருக்கும். மிச்ச மிதியில் ஒன்றிலாவது என் பேரைச் சொல்லித் திட்டியிருப்பான் என்று நாச்சிமுத்து நினைத்தான். திட்டாமல் போயிருப்பானோ என்று அதற்கப்புறம்தான் நினைத்தான். ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

ஆடி பிறந்தது. எல்லாம் பூட்டி முடித்தாயிற்று. கடைசி வேலை ஏர் எடுப்பது. குழாயில் ஆயிலோடு காற்றுக் குமிழி இருந்தால் பிரேக் பிடிக்காது. ஒரு ஆள் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொரு ஆள் கீழே சக்கரத்துச் சிலிண்டரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். தனியாகச் செய்யவே முடியாத வேலை அது ஒன்றுதான்.

பொங்கியண்ணன் பட்டறை ஆட்களைக் கூப்பிட்டார். தொட்டி மிதிக்கிறவன் முதுகு பிடித்திருக்கிறது என்றான். துணி பிழிகிறவன் தன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள், அந்த வண்டியில் ஏறக்கூடாது என்றான். பெடலை மிதிக்க அவன் பெண்டாட்டியின் வயிறு என்ன செய்யும் என்று பொங்கியண்ணன் கத்தினார். ஒருவரும் அசையவில்லை.

அப்போது காயப்போடுகிற கம்பியடியிலிருந்து ஞானாம்பாள் வந்தாள். செங்கோட்டையன் போன மறுமாசத்திலிருந்து அவள் அதே பட்டறையில் துணி காயப்போடுகிறாள். அந்த வண்டிப் பக்கம் அவள் தலை திரும்பி யாரும் பார்த்ததில்லை.

"நா ஏறறேனுங்ணா" என்றாள்.

"நீ எதுக்கு அம்மிணி" என்றான் நாச்சிமுத்து.

"நாளன்னிக்கு ஆடி அமாவாசைங்க. அதுக்கு முந்தி அவரு உக்காந்த எடத்துல ஒருக்கா உக்காந்து பாக்கறேன். அப்பிடி என்ன சொகத்தைக் கண்டாரோ."

ஏறி உட்கார்ந்தாள். நாச்சிமுத்து பாட்டிலையும் ரப்பர்க் குழாயையும் எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு அடியில் நுழைந்தான். மற்றவர்கள் விலகித் தங்கள் வேலைக்குப் போய்விட்டார்கள்.

"அமுத்து அம்மிணி. விடு. மறுக்கா அமுத்து. விடு. அமுத்திப் புடிச்சுக்கோ."

மூடியைத் திறந்தான். குமிழி குமிழியாக ஆயில் பாட்டிலில் இறங்கியது.

"அண்ணா" என்றாள் மேலிருந்து. "நா அமுத்தலீங்க. அதுவாப் போகுது. ஆரோ கீழருந்து இழுக்கறாப்பல இருக்குதுங்."

"அது அப்பிடித்தான் போகும். நாந்தான் தொறந்து வுடறேன்" என்றான். மூடியை இறுக்கப் போனபோது ஸ்பானர் நழுவி மார்பில் விழுந்தது.

மூன்று சக்கரம் முடிந்தது. நான்காவதுக்கு வந்தபோது, தரைப்பலகையின் இடுக்கு வழியாக அவளுடைய பாதம் தெரிந்தது. பிளீச்சிங் தண்ணீரில் வெளுத்து வெடித்த பாதம். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே, அந்த முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கோழைத்தனம்தான். ஆனாலும் அப்படியாவது சொன்னானே.

"அம்மிணி, செங்கோட்டையன் அன்னைக்குக் குடிக்கலை."

கால் அசையவில்லை.

"பிரேக்குல நா ஊசியச் செருகி வுட்டிருந்தேன். மிஷின் ஊசி. பின்னு இல்லீன்னு. அது ஒடிஞ்சுபோச்சு. பாதி இங்கதான் இருந்துது, எங்கிட்ட இருக்குது. அவனுக்குப் பிரேக்கே இல்ல அம்மிணி. நாந்தான் நல்லா இருந்துதுன்னு சொன்னேன்."

பெடல் அமுங்கியபடியே நின்றது. அவள் இறங்கி வந்து தன்னைச் செருப்பால் அடிப்பாள் என்று நாச்சிமுத்து காத்திருந்தான். வண்டியைத் தாங்கிய கல்லை உருட்டிவிட்டால் கூட நல்லது என்று நினைத்தான்.

அப்புறம் அவள் பேசினாள். அவனிடம் பேசுவது போலவே இல்லை.

"அமாவாசைக்கு அவருக்குப் படைக்கறப்ப, செத்தவீகளுக்குப் புடிச்சதை வெக்கோணும்னு சொல்லுவாங்க. நா என்ன வெச்சேன் தெரீமுங்களா? மூணு வருசமும் சாராயம் வெச்சனுங்க. அலைஞ்சு திரிஞ்சு வாங்கிட்டு வந்து, இலைக்குப் பக்கத்துல டம்ளர்ல ஊத்தி வெச்சேன். இதுக்குத்தானே சாமி சத்தியத்தை மீறுனே, இதுக்குத்தானே எங்களை நடுத்தெருவுல வுட்டே, குடி, வயிறு முட்டக் குடின்னு வாயாரத் திட்டி வெச்சேன். அக்கம்பக்கத்துல வேண்டான்னு சொன்னாங்க. கேக்கலை."

பெடலிலிருந்து காலை எடுக்காமலே, "அவரு குடியை வுட்டுட்டாருங்களே அண்ணா. வுட்ட மனுசனுக்கு நா ஊத்தி வெச்சேன்" என்றாள்.

நாச்சிமுத்து வண்டிக்கு அடியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். தன் ஊசி ஒரு உயிரை எடுத்தது என்று மட்டும்தான் இத்தனை நாள் எண்ணியிருந்தான். செத்த பிறகும் செங்கோட்டையனை விடாமல் குத்திக்கொண்டிருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

"இன்னும் ஏர் இருக்குதுங்களா?" என்று கேட்டாள் ஞானாம்பாள்.

இருந்தது. முடித்தார்கள். பெடல் இப்போது கால் அங்குலம் இறங்கிக் கல்லாக நின்றது. அவள் இறங்கி, சேலையைத் தட்டிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நாளன்னிக்கு நீங்க வந்து அவருகிட்டச் சொல்லுங்ணா. நா சொன்னா நம்ப மாட்டாரு. மூணு வருசம் அவரைக் குடிகாரன்னு சொன்ன வாயிங்க இது."

நாச்சிமுத்து நேராகப் பொங்கியண்ணனிடம் போய்த் தீப்பெட்டியைத் திறந்து காட்டினான். அவர் பார்த்துவிட்டு மூடினார். "போனவன் போயிட்டான். இதை வெளீல சொன்னீன்னா நாளைக்கு எவன் உங்கிட்ட வண்டி வுடுவான்? தொட்டீல வீசிப்போட்டு வேலையப் பாரு" என்றார். அவர் கெட்ட மனுசரில்லை, அவனுக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். நாச்சிமுத்து வெளியே வந்தான். பட்டறைக்காரர்கள் சோற்றுக்கு உட்கார்ந்திருந்த இடத்தில் நின்று, ஒவ்வொருவருக்கும் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னான். ஊசியைக் கையில் வைத்துக் காட்டினான். மறுநாளே அவன் ரிப்பேர்க் கொட்டகையில் வேலைக்கு நின்ற இரண்டு லாரிகளையும் அவற்றின் சொந்தக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அமாவாசையன்று தலை முழுகி, ஈர வேட்டியோடு ஞானாம்பாள் வீட்டுக்குப் போனான். சுவரோரம் செங்கோட்டையனின் சட்டையும் வேட்டியும் மடித்து வைத்து, முன்னால் தலைவாழை இலை போட்டிருந்தாள். சோறு, பருப்பு, அவரைக்காய்ப் பொரியல், வடை. டம்ளரில் பச்சைத் தண்ணீர். அவள் கதவோரம் ஒதுங்கிக்கொண்டாள்.

நாச்சிமுத்து இலைக்கு முன்னால் மண்டி போட்டான். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆரம்பித்தான். டப்பா காலியாக இருந்தது, ஊசி பையில் இருந்தது, அடுப்பில் காட்டி வளைத்தது, போதும் என்று சொன்னது, போலீஸ்காரரிடம் சொன்னது, குனிந்து பார்க்காதது, மூன்று வருடம் சுற்றிப் போனது, ஒன்று விடவில்லை. சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி அடே என்று கூப்பிட்டுச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தான். தெருவில் எவனோ பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த வாசனை வந்தது. சட்டை சட்டையாகவே கிடந்தது.

"என்ன சொன்னாருங்ணா?" என்று கேட்டாள் ஞானாம்பாள்.

மன்னித்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். அது அவன் வாய் வரைக்கும் வந்தது. பொய் சொல்லப் போதுமான தைரியம் அவனிடம் மிச்சமில்லை.

"ஒண்ணும் சொல்லலை அம்மிணி."

அவள் வந்து இலைக்கு எதிரே உட்கார்ந்தாள். அந்தச் சட்டையின் மடிப்பை நீவிவிட்டாள்.

"எங்கிட்டயும் ஒண்ணும் சொல்றதில்லீங்க" என்றாள். பிறகு எழுந்து அவனுக்கு ஒரு இலை போட்டாள்.